ஸ்நார்கல் வைத்த வண்டியும் மிதக்கும்

ஃபோர் வீல் டிரைவ் வண்டி வெள்ளத்தில் இறங்கி அக்கரை ஏறுகிற வீடியோக்களை நீங்களும் பார்த்திருப்பீங்க. பானெட் மேல தண்ணி அலையடிக்கும். பக்கவாட்டில் யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு குழாய் கூரை வரைக்கும் நிமிர்ந்து நிற்கும். வண்டி குலுங்கிக் குலுங்கி மேலே வரும், கரையில் நிற்கிறவங்க கை தட்டுவாங்க. அந்தத் தும்பிக்கைக்குப் பேர் ஸ்நார்கல். அது எங்கிருந்து வண்டிக்கு வந்தது என்று தேடப்போய், ஒரு மாதமாக எடுத்த குறிப்புகள்தான் இது. தேடத் தேட எனக்குப் பிடிபட்ட விஷயம் ஒன்றுதான்: எண்பது வருஷமாகப் பொறியாளர்கள் தீர்த்து வைத்தது என்ஜின் மூச்சு முட்டுகிற பிரச்சினையை. ஆற்றில் ஆள் சாவதற்குப் பெரும்பாலும் காரணம் அது இல்லை.

என்ஜின் கதையை முதலில் முடித்துவிடுவோம். பழைய பெட்ரோல் வண்டிக்குத் தண்ணீர் என்றாலே பயம். டிஸ்ட்ரிபியூட்டரிலும் பிளக் வயரிலும் ஈரம் பட்டால் ஸ்பார்க் போச்சு, வண்டி ஆற்று நடுவில் நிற்கும். இதில் வேடிக்கை என்னன்னா, தண்ணியை வாரி என்ஜின் மேல இறைக்கிறதே அந்த வண்டியோட சொந்த ரேடியேட்டர் ஃபேன்தான். அதனால் பழைய டிரைவர்கள் ஆற்றில் இறங்கும் முன் ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிடுவார்கள், கிரில்லுக்கு முன்னால் ஒரு தார்ப்பாயைக் கட்டுவார்கள். ஆரம்பகால லேண்ட் ரோவர்களில் கிளட்ச் இருக்கிற கூண்டுக்கு அடியில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். கசிகிற ஆயில் வடிவதற்காக விட்டது. ஆற்றில் இறங்கும் முன் அதை அடைக்க ஒரு மரை ஆணி, அக்கரை போனதும் திரும்பக் கழற்றணும். ஆறு என்பது வழியில் வரும், இறங்கித்தான் ஆகணும் என்று நினைத்து வண்டி செய்த காலம் அது.

டீசல் என்ஜினுக்கு ஸ்பார்க் தேவையில்லை. ஆனால் அதுவும் காற்று குடிக்கணும். காற்றுக்குப் பதில் தண்ணீரைக் குடித்துவிட்டால் கதை முடிந்தது. காற்றை நசுக்கலாம், தண்ணீரை நசுக்க முடியாது. மேலே வருகிற பிஸ்டன் தண்ணீரில் முட்டும், கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அப்புறம் என்ஜினை முழுசாகப் பிரிக்க வேண்டியதுதான். இன்னொரு நுணுக்கம் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஓடிச் சூடான ஆக்ஸில் குளிர்ந்த தண்ணீரில் இறங்கினதும், உள்ளே இருக்கிற காற்று சுருங்கும். சுருங்கினதும் பிரீதர் ஓட்டை வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். நாலு நாள் கழித்துத் திறந்து பார்த்தால் கியர் ஆயில் பால் விட்ட காபி நிறத்தில் இருக்கும். பிரீதருக்கு நீளமான டியூப் போட்டு மேலே தூக்கி வைக்கிறது இதற்காகத்தான்.

இப்போ தும்பிக்கை. இந்த யோசனை கடலிலிருந்து வந்தது. இரண்டாம் உலகப் போருக்கு முன்பே டச்சுக் கடற்படை, நீர்மூழ்கிக் கப்பல் தண்ணீருக்கு அடியிலேயே டீசல் என்ஜினை ஓட்டுவதற்காக ஒரு குழாயைச் சோதித்திருந்தது. 1940-ல் நெதர்லாந்து வீழ்ந்ததும் அது ஜெர்மானியர் கைக்குப் போனது. பெயரும் ஜெர்மன் சொல்லிலிருந்து வந்ததுதான். நிலத்திலும் அதே காலத்தில் அதே யோசனை ஓடியது. இங்கிலாந்தின் மேல் படையெடுக்க ஜெர்மனி தயார் செய்த டாங்கிகளில் சிலவற்றுக்கு நீளமான காற்றுக் குழாய் பொருத்தியிருந்தார்கள். படையெடுப்பு நடக்கவில்லை. 1941 ஜூன் 22 அன்று சோவியத் மீது தாக்குதல் தொடங்கியபோது, அந்த டாங்கிகள் பக் ஆற்றின் அடித்தரையில் ஊர்ந்து அக்கரை ஏறின. 1942 ஆகஸ்டில் டியப் கடற்கரையில் இறங்கிய சர்ச்சில் டாங்கிகளிலும் உயர்த்திய குழாய்கள் இருந்தன.

இங்கே ஒரு நிமிஷம் நிற்போம். அந்த டாங்கி ஏறத்தாழ 20 டன் இரும்பு. அது மூழ்கும். மூழ்கினாலும் சங்கிலிப் பட்டை தரையை விடாது. குழாய் வைத்ததில் அர்த்தம் இருந்தது, ஏன்னா அங்கே மீதி இருந்த பிரச்சினை மூச்சு மட்டும்தான்.

ஜீப்பின் எடை சுமார் 1,100 கிலோ. அதுக்கும் கடலோரத்தில் இறங்குவதற்காகக் குழாயும் பூச்சும் வந்தன. நார்மண்டிக்குப் போகும் முன் வயர்களையும் மூடிகளையும் அஸ்பெஸ்டாஸ் நார் கலந்த கிரீஸ் வைத்து அடைத்தார்கள். கரை ஏறினதும் அதையெல்லாம் சீக்கிரம் சுரண்டி எடுக்கணும், இல்லாவிட்டால் என்ஜின் சூடேறி வீணாகிவிடும். போருக்குப் பிறகு 1950-ல் வந்த எம்-38 ஜீப்பில் இந்தத் தொல்லை குறைந்தது, ஈரம் புகாத 24 வோல்ட் மின்னமைப்பு தொழிற்சாலையிலேயே போட்டு வந்தது.

ஆனால் அந்தப் பழைய ஜீப்பை நினைத்துப் பாருங்க. கதவே கிடையாது. இடுப்பளவு தண்ணியில் இறங்கினால் டிரைவர் மடிக்கு ஆறு வந்துவிடும். உள்ளேயும் வெளியேயும் ஒரே மட்டத்தில் தண்ணி நிற்பதால் வண்டி மிதக்காது, தன் எடை முழுதும் சக்கரத்தின் மேலேயே இருக்கும். ஒழுகுவதுதான் அதைக் காப்பாற்றியது. அதை யாரும் திட்டமிட்டுச் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. பிற்காலத்தில் வந்த வண்டிகளில் கதவு வந்தது, ரப்பர் பீடிங் வந்தது, ஏசி வெளியே போகாமல் இருக்க எல்லா இடுக்கும் அடைபட்டது. வண்டி படகாகிவிட்டது. ஆனால் சுக்கான் இல்லாத படகு.

இது வெறும் யோசனை இல்லை. ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தின் நீர் ஆய்வுக்கூடத்தில் நிஜமான கார்களையே தொட்டியில் இறக்கிச் சோதித்தார்கள். சுமார் ஒரு டன் எடையுள்ள டொயோட்டா யாரிஸ், விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடும் 15 செ.மீ. தண்ணீரிலேயே நகரத் தொடங்கியது. 15 செ.மீ. என்றால் கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே. விநாடிக்கு 1 மீட்டர் என்பது நாம் மெதுவாக நடக்கிற வேகம். சரி, அது சின்ன கார். அடுத்து 2.5 டன் நிசான் பட்ரோல், முழு ஃபோர் வீல் டிரைவ். ஏறக்குறைய அதே வேகத்தில் 45 செ.மீ. தண்ணீர் போதும், அது நிலைகுலைந்தது. ஓட்டமே இல்லாத தண்ணீரில் 95 செ.மீ. வந்தபோது மிதந்தேவிட்டது, கையாலேயே தள்ள முடிந்தது.

இந்த 95 செ.மீ. சரியா என்று நானே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பானெட்டுக்குக் கீழே திறந்த பகுதி, அங்கே தண்ணி ஏறிவிடும், அதை விட்டுவிடலாம். ஆட்கள் உட்காரும் பெட்டி மட்டும் 3 மீட்டர் நீளம், 1.8 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். தரைத்தகட்டுக்கு மேலே தண்ணீர் 10 செ.மீ. ஏறினால் அந்தப் பெட்டி 0.54 கன மீட்டர் தண்ணீரை விலக்கும். அதாவது 540 கிலோ எடை சக்கரத்திலிருந்து கழிகிறது. 2,500 கிலோவைக் கழிக்க சுமார் 46 செ.மீ. தரைத்தகடு நிலத்திலிருந்து 45, 50 செ.மீ. உயரத்தில் இருக்கும். கூட்டினால் தொண்ணூறு சொச்சம். சோதனையில் வந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டது. ஆர்க்கிமிடீஸுக்கு நாலு சக்கரமும் சுற்றுதா, ரெண்டு சக்கரம் சுற்றுதா என்பதில் அக்கறை கிடையாது.

முழுசா மிதக்கும் வரை ஆறு காத்திருக்கவும் செய்யாது. என்ஜின் முன்னால் இருப்பதால் முன்பக்கம் கனம், பின்பக்கம்தான் முதலில் லேசாகும். பின்சக்கரத்தின் பிடி தளர்ந்ததும் ஓட்டம் அதை மட்டும் இழுக்கும், வண்டி முன்சக்கரத்தை மையமாக வைத்துத் திரும்பும். திரும்பினால் தண்ணீருக்கு முழுப் பக்கத்தையும் காட்டி நிற்கும். ஓட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்கு. நம்ம ஊர்ப் பழமொழி 'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்று ஆழத்தை மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டது. வண்டிக்காரன் வேகத்தையும் சேர்த்துக் கேட்கணும்.

2020-ல் வந்த புதிய டிஃபெண்டர், 900 மி.மீ. ஆழம் வரை இறங்கலாம் என்று விற்பனைக்கு வந்தது. அந்த எண் பொய் இல்லை. ஆனால் இந்த மாதிரி எண்கள் எல்லாமே நின்ற தண்ணீருக்கு, அடியில் உறுதியான தரைக்கு. வெள்ளத்தில் இரண்டுமே கிடையாது. தரைப்பாலமே அடித்துக்கொண்டு போயிருக்கலாம், பழுப்புத் தண்ணிக்குக் கீழே அது தெரியாது. அமெரிக்காவில் வெள்ளத்தில் மூழ்கிச் சாகிறவர்களில் பாதிக்கு மேல் வண்டியோடு தண்ணீரில் இறங்கியவர்கள் என்று அந்த நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்கிறது. வீட்டில் இருந்தவங்களை வெள்ளம் வந்து அடித்ததைவிட, வெள்ளத்தைத் தேடிப்போய் இறங்கினவங்க அதிகம்.

அப்படியானால் ஆறு கடந்தவர்கள் எல்லாம் எப்படிக் கடந்தார்கள்? 1955 செப்டம்பர் 1-ல் லண்டனிலிருந்து ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ் மாணவர்கள் ஆறு பேர் இரண்டு லேண்ட் ரோவரில் கிளம்பி, 1956 மார்ச் 6-ல் சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தார்கள். ஒரு வண்டி அடர்நீலம், இன்னொன்று வெளிர்நீலம், அந்தந்தப் பல்கலைக்கழகத்து நிறம். அஸ்ஸாமின் லேடோவிலிருந்து பர்மாவுக்குள் போகும் போர்க்காலத்து ஸ்டில்வெல் சாலையில் பாலங்கள் ஏற்கனவே வெள்ளத்தில் போய்விட்டிருந்தன. ஆற்றுக்குள் இறங்கித்தான் போகணும். இந்தப் பயணத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் வண்டியைப் புகழ்வார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது காலண்டர். மழைக்காலம் முடிந்து ஆறு இறங்கியிருந்த வறண்ட மாதங்களில்தான் அவர்கள் பர்மாவைக் கடந்தார்கள். அதே இரண்டு வண்டியும் ஜூலையில் போயிருந்தால் டிம் ஸ்லெஸ்ஸர் அந்தப் பயண நூலை எழுதியிருப்பாரா என்பது சந்தேகம்தான்.

1980-களில் கேமல் டிராஃபி போட்டிகள் வந்தன. மஞ்சள் நிற லேண்ட் ரோவர், கூரையில் சாமான், பக்கத்தில் ஸ்நார்கல், பானெட் மேல் ஆறு. ஒரு சிகரெட் பெயரில் நடந்த போட்டி என்பதால் படங்கள் உலகம் முழுக்கப் போயின. காத்திருந்தது, கயிறு கட்டினது, முன்னால் ஒருத்தர் நடந்து ஆழம் பார்த்தது எல்லாம் அந்த ஒரு ஃபோட்டோவில் தெரியாது. இன்றைக்குக் காணும் வீடியோக்களுக்குத் தாத்தா அந்தப் படங்கள்தான் என்பது என் அபிப்பிராயம்.

ஆற்றோடு தினமும் வாழ்கிறவர்கள் வேறு மாதிரிப் பேசுகிறார்கள். ஐஸ்லாந்தில் தோர்ஸ்மோர்க் பள்ளத்தாக்குக்குப் போகிற வழியில் க்ரோஸ்ஸா என்ற ஆறு. பனிப்பாறை உருகி வருகிற தண்ணீர் அது. காலையில் குறைவாக இருக்கும், வெயில் ஏற ஏறப் பனி உருகி மதியத்துக்கு மேல் பெருகிவிடும். காலையில் நிம்மதியாகக் கடந்தவர் சாயங்காலம் அதே இடத்தில் திரும்ப முடியாமல் நிற்கலாம். அங்கே இன்னொரு பாடமும் சொல்வார்கள்: அமைதியாக, குறுகலாகத் தெரிகிற இடத்தை நம்பாதே, அங்கேதான் ஆழம். அகலமாகப் பரவி சலசலக்கிற இடம் ஆழம் குறைந்தது.

ஆழம் தெரியாவிட்டால் முதலில் நடந்து பார் என்பது பொதுவிதி. நடந்து போக முடியாத தண்ணீரில் வண்டியும் போகக்கூடாது. இந்த விதி செல்லாத இடம் ஒன்று இருக்கு. வடக்கு ஆஸ்திரேலியாவில் ககாடு தேசியப் பூங்காவையும் ஆர்னம் லேண்டையும் பிரிக்கும் ஈஸ்ட் அலிகேட்டர் ஆற்றில், கேஹில்ஸ் கிராசிங் என்கிற காங்கிரீட் தரைப்பாலம். கடலிலிருந்து வெகு தூரத்தில் இருந்தாலும் கடல் ஏற்றம் அங்கே வரை வரும். ஏற்றத்தில் வருகிற மீனுக்காக உப்புநீர் முதலைகள் பாலத்தை ஒட்டியே வரிசையாகக் கிடக்கும். கால் வைத்து ஆழம் பார்த்தால் கால் திரும்பாது. ஓரத்தில் அளவுகோல் நட்டு வைத்திருக்கிறார்கள், அதையும் கடல் ஏற்ற நேர அட்டவணையையும் பார்த்துத்தான் இறங்கணும். பார்க்காமல் இறங்கி ஆற்றோடு போன வண்டிகள் நிறைய.

கடைசியாக ஒரு மனுஷன். வண்டி மிதக்கும் என்றால் வேண்டுமென்றே மிதக்க விடலாமே என்று ஃபோர்டு கம்பெனி போரின்போது ஜிபிஏ என்ற நீர்-நில ஜீப்பை 12,778 எண்ணிக்கையில் செய்தது. விளிம்பு தண்ணீருக்கு மேல் கொஞ்சமே நிற்கும், அலையடித்தால் உள்ளே வந்துவிடும் என்பதால் அமெரிக்க ராணுவத்துக்கே அது பிடிக்கவில்லை. பென் கார்லின் என்ற ஆஸ்திரேலியர் இந்திய ராணுவத்தில் வங்காளத்தில் வேலை பார்த்தபோது, 1946-ல் அதில் ஒன்றைப் பார்த்துவிட்டு இதில் உலகத்தையே சுற்றலாம் என்று முடிவு பண்ணிவிட்டார். 1950-ல் மனைவி எலினோருடன் ஹாலிஃபாக்ஸிலிருந்து கிளம்பி அட்லாண்டிக்கைக் கடந்து, 1958-ல் உலகத்தைச் சுற்றி முடித்தார். வண்டிக்குப் பேர் 'ஹாஃப்-சேஃப்', ஒரு வியர்வை நாற்றப் பூச்சு விளம்பரத்திலிருந்து எடுத்தது. எலினோர் பாதியிலேயே போதும்டா சாமி என்று இறங்கிவிட்டார். வண்டி இப்போது பெர்த் நகரத்துப் பள்ளி ஒன்றில் இருக்கிறது. அதற்குச் சுக்கான் இருந்தது, பின்னால் புரொப்பெல்லரும் இருந்தது. கார்லின் கதைக்குத் தனிப் பதிவே வேணும், அடுத்த மாதம் எழுதுகிறேன்.