ஓய்வுபெற்ற ஆசிரியையின் கருத்து எதற்குச் சான்று?

இருபதாம் நூற்றாண்டு பிரிட்டனின் சமூக வரலாற்றை ஆராய்வோர் என்றேனும் ஒருநாள் ஒரு குறிப்பிட்ட குரலை எதிர்கொண்டே தீர்வர். அது ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியரின் குரல். பெரும்பாலும் ஆசிரியையின் குரல். விலைவாசி, வேலையின்மை, பிள்ளைகளின் ஒழுக்கம், தொலைக்காட்சி, குடியேறிகள், அரச குடும்பம் என அன்றாடத்தின் எந்தப் பொருளைக் கேட்டாலும் அவரிடம் ஒரு கருத்து இருக்கும். அதைப் பத்தி பிரித்து, பிழையின்றி எழுதும் பழக்கமும் இருக்கும். இத்தகைய எழுத்தை ஆய்வேடுகள் இரு வகையில் கையாளுகின்றன. "பிரிட்டானியர் அன்று இவ்வாறு எண்ணினர்" என்பதற்குச் சான்றாக எடுத்தாளுவது ஒன்று. "இது பிரதிநிதித்துவம் அற்றது" என ஒதுக்கிவிடுவது மற்றொன்று. ஒன்றுக்கொன்று எதிராகத் தோன்றினும் இரண்டும் ஒரே பிழையில் வேர்கொண்டவை. எத்தனை பேர் இவ்வாறு எண்ணினர் என்ற வினாவையே இரண்டும் கேட்கின்றன. ஒருவர் அவ்வாறு எண்ணும் நிலைக்கு எவ்வழியே வந்தார் என்பதே இவ்வெழுத்திடம் கேட்கத்தக்க வினா என்பது என் வாதம்.

இக்குரல்கள் மிகுதியாகச் சேர்ந்திருக்கும் இடம் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தின் 'மாஸ் அப்சர்வேஷன்' ஆவணக் காப்பகம். 1937ஆம் ஆண்டின் தொடக்கத்தில் டாம் ஹாரிசன், சார்ல்ஸ் மேட்ஜ், ஹம்ஃப்ரி ஜென்னிங்ஸ் ஆகிய மூவர் 'நியூ ஸ்டேட்ஸ்மன்' இதழுக்கு எழுதிய கடிதத்தின் வழியே இவ்வியக்கம் பிறந்தது. ஹாரிசன் இன்றைய வனுவாட்டுத் தீவுகளில் வாழ்ந்து திரும்பியவர். மேட்ஜ் கவிஞர், இதழாளர். ஜென்னிங்ஸ் ஓவியர், ஆவணப்பட இயக்குநர். தொலைதூரத் தீவுகளின் மக்களை ஆராயும் மானிடவியல் கண்ணைத் தம் நாட்டின்மீதே திருப்ப வேண்டும் என்பது அவர்கள் வேட்கை. போர் நினைவுச்சின்னங்களின் அருகே மக்கள் நடந்துகொள்ளும் முறை, வாகன ஓட்டிகளின் சைகைகள், தாடி, புருவம், யூத வெறுப்பு, கால்பந்துப் பந்தயம் என அவர்கள் வகுத்த ஆய்வுப்பட்டியல் நகைப்பையும் வியப்பையும் ஒருங்கே தோற்றுவித்தது. 1937 மே 12 அன்று, ஆறாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு நாளில், தன்னார்வலர்கள் தத்தம் ஒருநாள் வாழ்வைப் பதிவு செய்தனர். அதே காலத்தில் லங்காஷயரின் போல்ட்டன் நகரில், 'வொர்க்டவுன்' என்ற மாற்றுப்பெயரின்கீழ், மதுக்கூடங்களிலும் தொழிற்சாலைகளிலும் நேரடி நோக்காய்வு நடந்தது. மலினோவ்ஸ்கி போன்ற மானிடவியலாளரே இம்முயற்சியைப் பொருட்படுத்தி, 1938இல் வெளிவந்த முதலாண்டு அறிக்கைத் தொகுப்பில் விரிவான கட்டுரை எழுதினார். போர்க்காலத்தில் சில நூறு பேர் நாட்குறிப்பு எழுதி அனுப்பினர். 1949இல் நிறுவனம் வணிக நோக்கிலான சந்தை ஆய்வுக்குத் திரும்பியது. அதன் பழைய தாள்கள் 1970இல் சசெக்ஸ் வந்து சேர்ந்தன.

இக்கட்டத்தில் இந்தியச் சமூகவியல் மாணவர்களுக்கு நன்கு அறிமுகமான ஒரு பெயர் கதைக்குள் நுழைகிறது. 1981இல் இத்திட்டத்துக்கு மறுவாழ்வு அளித்தவர் டேவிட் போக்காக். குஜராத்தின் சரோத்தர் பகுதியில் களப்பணியாற்றி, கண்பி–பாட்டிதார் சமூகம் குறித்து 1972இல் நூல் வெளியிட்டவர் இவர். மதுரை வட்டாரத்தில் பிரமலைக் கள்ளர்களை ஆராய்ந்த லூயி துய்மோனுடன் இணைந்து, 1957இல் 'கான்ட்ரிபியூஷன்ஸ் டு இந்தியன் சோசியாலஜி' இதழைத் தொடங்கியவரும் இவரே. குஜராத்திக் குடியானவரிடம் மணக்கொடை, உறவுமுறை, சாதி மதிப்பு ஆகியவற்றைக் கேட்டறிந்த ஒருவர், பின்னர் தம் நாட்டவரிடம் அவர்களுடைய அன்றாடத்தை எழுதித் தருமாறு வேண்டினார். ஆண்டுக்குச் சில முறை வினாத்தொகுப்பு ஒன்று அஞ்சலில் செல்லும். எழுதுவோர் விரும்பிய நீளத்தில் விடை அனுப்புவர். அவர்கள் பெயர் வெளியிடப்படுவதில்லை; ஓர் எழுத்தும் எண்ணும் கொண்ட குறியீடே அடையாளம். ஃபாக்லாந்துப் போர், எய்ட்ஸ் விழிப்புணர்வு இயக்கம், ஐரோப்பிய ஒன்றிய வாக்கெடுப்பு என நாட்டின் பெருநிகழ்வுகளும், சிக்கனம், நெருங்கிய உறவுகள் போன்ற இல்லத்துச் செய்திகளும் இத்தொகுப்புகளில் அடுத்தடுத்து இடம்பெற்றன.

எழுதுவோர் யாவர் என்பது தொடக்கத்திலிருந்தே எழுந்த வினா. பெண்கள், நடுவயதைக் கடந்தோர், நடுத்தர வகுப்பினர், இங்கிலாந்தின் தென்பகுதியினர் ஆகியோரே மிகுதி. அவர்களுள் ஆசிரியத் தொழிலில் இருந்தோர் கணிசமானவர். இது தற்செயலன்று. அஞ்சலில் வரும் வினாவுக்கு ஊதியமின்றி விரிவான விடை எழுதுவதற்கு ஓய்வும், எழுத்தின்மீது நம்பிக்கையும், தம் கருத்து பதிவுக்குரியது என்ற உறுதியும் வேண்டும். டோரத்தி ஷெரிடன், பிரையன் ஸ்ட்ரீட், டேவிட் ப்ளூம் ஆகியோர் 2000இல் வெளியிட்ட நூலில், இவ்வெழுத்தை வெறும் தகவல் மூலமாகக் கொள்ளாமல் ஒரு எழுத்தறிவு நடைமுறையாகவே ஆராய்ந்தனர். வினாவுக்கு விடை எழுதுவது ஆசிரியருக்குத் தொழிற்பழக்கம் என்பதை நாமும் மறக்கலாகாது. வாழ்நாள் முழுதும் பிறர் விடைத்தாளைத் திருத்தியவர் தம் விடைத்தாளை எழுதும்போது சமநிலை காட்ட முயல்வது இயல்பு. அந்தச் சமநிலையும் வாசிக்கப்பட வேண்டிய சான்றே.

கருத்து உருவாகும் வழியைக் காண ஒரு தலைமுறையின் பணி வாழ்க்கையை அறியப்பட்ட நிகழ்வுகளைக்கொண்டு அடுக்கிப் பார்க்கலாம். 1980களின் தொடக்கத்தில் ஓய்விலிருந்த ஒருவர் 1930களின் இறுதியில் பணியில் சேர்ந்திருக்கக்கூடும். லண்டன் கவுன்ட்டி கவுன்சில் 1935இலேயே விலக்கிக்கொண்டிருந்தாலும், திருமணமானால் ஆசிரியைகள் வேலையை விடவேண்டும் என்ற தடை வேறு பல உள்ளாட்சிகளில் நீடித்தது. 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமே அதை நாடு முழுவதும் நீக்கியது. 1939 செப்டம்பரின் முதல் மூன்று நாட்களில் ஏறத்தாழ 15 லட்சம் பேர் நகரங்களிலிருந்து வெளியேற்றப்பட்டபோது, குழந்தைகளை அழைத்துச் சென்றவர்களுள் ஆசிரியர்களும் இருந்தனர். நகரச் சேரிகளின் வறுமையைக் கிராமத்து நடுத்தர வகுப்பு கண்கூடாகக் கண்டது அப்போதுதான். 1947இல் பள்ளி விடும் வயது 15 ஆனது. 1972இல் 16 ஆனது. ஆண்களுக்கு நிகரான ஊதியம் ஆசிரியைகளுக்கு முழுமையாகக் கிட்டியது 1961இல். 1965ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை, பதினோரு வயதுத் தேர்வால் பிள்ளைகளைப் பிரிக்கும் முறையைக் கைவிட்டுப் பொதுப்பள்ளி முறைக்கு மாறும்படி உள்ளாட்சிகளைக் கேட்டுக்கொண்டது.

இத்தனையும் வகுப்பறைக்குள்ளிருந்து கண்ட ஒருவர் "இன்றைய பிள்ளைகளுக்கு ஒழுக்கம் இல்லை" என்று எழுதினால், அது முதுமையின் முணுமுணுப்பாக மட்டும் இருக்கவேண்டியதில்லை. பிரம்படியை எடுத்துக்கொள்வோம். அரசுப் பள்ளிகளில் அதை ஒழிக்கும் திருத்தம் 1986 ஜூலையில் மக்களவையில் 231க்கு 230 என்ற கணக்கில் நிறைவேறியது. 1987இல் நடைமுறைக்கு வந்தது. ஒரே ஒரு வாக்கு! நாடு இரண்டாகப் பிளந்து நின்றதை அவ்வெண் சொல்கிறது. ஆனால் முப்பதாண்டு பிரம்பைக் கையில் வைத்திருந்தவர் அதை எப்போது எடுத்தார், எப்போது எடுக்கத் தயங்கினார், பிறர் எடுத்ததைக் கண்டு ஏன் வாய்மூடி இருந்தார் என்பதை எந்த எண்ணும் சொல்லாது. அதற்கு உரைநடை வேண்டும். ஒரே ஆசிரியை தண்டனையை ஆதரித்துத் தொடங்கி, தாம் அடித்த ஒரு சிறுவனை நினைவுகூர்ந்து தடுமாறி நிற்பதற்கு உரைநடையில் இடமுண்டு. ஆம், இல்லை எனக் குறியிடும் படிவத்தில் அத்தடுமாற்றம் அழிந்துவிடும்.

பொதுவெளியில் சொல்லும் கருத்துக்கும் தனக்குள் வைத்திருக்கும் கருத்துக்கும் இடையிலான தொலைவை ஹாரிசன் போர்க்காலத்திலேயே வலியுறுத்தியிருந்தார். அத்தொலைவை விளங்கிக்கொள்ள மேரி வைட்ஹவுசை எண்ணிப் பார்க்கலாம். ஷ்ராப்ஷயரின் மேட்லி நகரப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தவர் அவர். 1964 மே மாதம் பர்மிங்ஹாம் நகர மண்டபக் கூட்டத்தின் வழியே தொலைக்காட்சியைத் தூய்மைப்படுத்தும் இயக்கத்தைப் பரப்பினார். அவ்வாண்டே பள்ளிப் பணியைத் துறந்தார். அடுத்த ஆண்டு அதைச் சங்கமாக்கினார். பிபிசியின் தலைமை இயக்குநர் ஹ்யூ கிரீன் அவரைச் சந்திக்கவே மறுத்தார். வைட்ஹவுஸ் எளிய மக்களின் பெயரால் பேசினார். அப்படிப் பேசுபவர் மேடையில் தயங்க இயலாது. காப்பகத்தின் பெயரற்ற ஆசிரியைக்கோ எவர் சார்பிலும் பேசும் சுமை இல்லை. முதல் பக்கத்தில் சொன்னதை மூன்றாம் பக்கத்தில் மறுக்கும் உரிமை அவருக்கு உண்டு. வரலாற்றாசிரியருக்கு அம்மறுப்பே விலைமதிப்பற்றது.

எனினும் இவ்வெழுத்தின் அந்தரங்கத் தன்மையில் மயங்கி அதன் மௌனத்தைக் கேட்கத் தவறினால் பெருந்தீங்கு நேரும். 1965ஆம் ஆண்டின் மற்றொரு சுற்றறிக்கை, எந்தப் பள்ளியிலும் குடியேறிகளின் பிள்ளைகள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாதவாறு அவர்களைப் பரவலாக்க வழிகாட்டியது. மேற்கு லண்டனின் சவுத்தாலில் பஞ்சாபிப் பிள்ளைகள் நாள்தோறும் பேருந்தில் ஏற்றப்பட்டு, தம் வீட்டருகில் இல்லாத பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டனர். கிரெனடாவிலிருந்து வந்த ஆசிரியர் பெர்னார்ட் கோர்ட், மேற்கிந்தியக் குழந்தைகள் அறிவுக்குறைபாடு உடையோர் என முத்திரையிடப்பட்டுத் தனிப்பள்ளிகளுக்குத் தள்ளப்படுவதை 1971இல் எழுதிய நூலில் அம்பலப்படுத்தினார். வெள்ளையின ஆசிரியை ஒருவர் இதே காலத்தைப் பரிவுடன் நினைவுகூரலாம். அப்பரிவு உண்மையாகவும் இருக்கலாம். ஆயினும் அப்பேருந்தில் அமர்ந்திருந்த சிறுமி காப்பகத்தின் எழுத்தாளர் பட்டியலில் இடம்பெறுவது அரிது. தன் கருத்து பதிவுக்குரியது என்ற உறுதியை அப்பள்ளி அவளுக்கு அளித்ததா என்பதே இங்கு எழும் வினா. பரிவின் சான்றை விலக்கலின் சான்றோடு பக்கத்தில் வைத்து வாசித்தாலன்றி, காப்பகம் எழுத வல்லவர்களின் நினைவையே நாட்டின் நினைவாக நமக்குக் கையளித்துவிடும்.

ஆகவே ஆய்வு மாணவர்களுக்கு என் வேண்டுகோள் எளியது. இத்தகைய எழுத்திலிருந்து ஒரு வரியை எடுத்தாளுமுன் முழு விடையையும் வாசியுங்கள். விடைக்கு முன் வினாவை வாசியுங்கள். வினாத்தொகுப்பின் சொற்கள் விடையின் சொற்களை எவ்வளவு தீர்மானித்தன என்பது அப்போதுதான் புலப்படும். அதே குறியீட்டின்கீழ் பத்தாண்டு கழித்து எழுதப்பட்டது இருந்தால் அதையும் தேடுங்கள். ஒருவர் மனம் மாறிய வழித்தடத்தை ஒரே காப்பகத்தில் பின்தொடரும் வாய்ப்பு வரலாற்றாசிரியருக்கு அடிக்கடி கிட்டுவதில்லை. நம் ஊர்களைப் பற்றிக் காலனிய அதிகாரிகளும் மதப்பரப்பாளர்களும் எழுதியவற்றை, எழுதியவர் யார், எவர் கேட்டு எழுதினார், எவரை எழுதாமல் விட்டார் என்ற கேள்விகளோடு வாசிக்க நாம் கற்றுக்கொண்டோம். பிரிட்டானியர் தம்மைப் பற்றித் தாமே எழுதியதையும் அதே கண்டிப்போடு வாசிப்பதே, குஜராத்திலிருந்து சசெக்சுக்குத் தம் வினாக்களை எடுத்துச் சென்ற அந்த மானிடவியலாளர் நமக்கு விட்டுச்சென்றிருக்கும் பணி.