ஹூக்காவிலிருந்து ஆவியாக்கி வரை: கையடக்கப் புகைக்கருவிகளின் இந்திய வரலாறு

இந்தியாவில் புகைத்தலின் வரலாறு பெரும்பாலும் புகையிலையின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. பொருளை விடுத்துக் கருவியைப் பின்தொடர்ந்தால் வேறொரு வரலாறு புலப்படும். புகை தூயதாக இருக்க வேண்டும், கருவி எளிதில் எடுத்துச் செல்லத்தக்கதாக இருக்க வேண்டும் என்னும் இரு விருப்பங்கள் நான்கு நூற்றாண்டுகளாக அந்த வரலாற்றை நடத்தி வந்துள்ளன. இவ்விரண்டும் ஒருசேர நிறைவேறியது அரிது.

பீஜப்பூருக்குத் தூது சென்று திரும்பிய அசத் பேக், 1604 வாக்கில் அக்பருக்குப் புகையிலையையும் ஒரு புகைக்குழாயையும் வழங்கினார். குழாயின் தண்டு மூன்று முழ நீளமுடையது, அச்சேயில் செய்யப்பட்டது, இரு முனைகளிலும் மணிகள் பதிக்கப்பட்டது என்பது அவர் தரும் விவரிப்பு. சோதித்தறியாத பொருளை மன்னர் உட்கொள்ளலாகாது என்று அவை மருத்துவர் தடுத்தார். உலகின் எல்லா வழக்கங்களும் ஒருகாலத்தில் புதியவையே என்று அசத் பேக் மறுமொழி கூறினார். அக்பர் அதை வழக்கமாக்கிக்கொள்ளவில்லை; பிரபுக்களோ விரைந்து பழகிக்கொண்டனர். 1617இல் ஜஹாங்கீர் விதித்த தடையும் நிலைக்கவில்லை.

புகையை நீரின் வழியே செலுத்தித் தூய்மையாக்கும் முறையைக் கண்டவர் ஹக்கீம் அபுல் ஃபத் கீலானி என்னும் மரபுச் செய்தி இன்றும் பரவலாக எடுத்துரைக்கப்படுகிறது. ஆனால் ஹக்கீம் காலமானது 1589இல். அசத் பேக்கின் புகையிலை அவைக்கு வந்தது அதற்கு ஏறத்தாழ 15 ஆண்டுகள் கழித்து. காலக்கணக்கு பொருந்தாத இக்கதை நீடித்ததற்குக் காரணம் அதன் பயன்பாடாக இருக்கலாம். ஒரு மருத்துவரின் பெயர் சேர்ந்தவுடன் கருவிக்கு நற்சான்று கிடைத்துவிடுகிறது.

ஹூக்காவின் அமைப்பும் அந்த நற்சான்றுக்குத் துணைநின்றது. உச்சியிலுள்ள மண்கிண்ணத்தில் வெல்லப்பாகு கலந்து பிசைந்த புகையிலையை இட்டு, அதன்மேல் தவா என்னும் மண்வில்லையை வைத்து, அதற்கும் மேலே தணலை அடுக்குவர். தணல் புகையிலையை நேரடியாகத் தீண்டுவதில்லை. நெருப்பை விலக்கிவைத்துச் சூட்டை மட்டும் பெறும் எண்ணம் மின்கலக் காலத்தில் பிறந்ததன்று. ஆனால் பீதரில் வார்க்கப்பட்ட கனத்த அடிக்கலம், வளைந்து நீளும் குழல், அணையாத தணல் ஆகியவற்றைச் சுமக்க ஓர் ஆள் வேண்டும். அவரே ஹூக்காபர்தார். 1779இல் கல்கத்தாவில் வாரன் ஹேஸ்டிங்ஸ் தம்பதியர் அனுப்பிய விருந்தழைப்பு, ஹூக்காபர்தாரைத் தவிர வேறு பணியாளரை அழைத்துவர வேண்டாம் என்றது. வசதி படைத்தவனின் ஹூக்காவை ‘எடுத்துச் செல்லத்தக்க’ கருவியாக்கியது இன்னொருவனின் தோள்.

எளியோர் வேறு வழி கண்டனர். தேங்காய் ஓட்டையே நீர்க்கலமாக்கிய சிறு ஹூக்கா ஒரு கையில் அடங்கியது. மேற்காசியாவில் நீர்ப்புகைக் கருவிக்கு வழங்கும் ‘நார்கிலே’ என்னும் பெயர் தேங்காயைக் குறிக்கும் பாரசீக ‘நார்கீல்’ என்பதிலிருந்து வந்தது. அதன் மூலம் சமஸ்கிருத ‘நாரிகேல’. கருவி மறைந்த இடங்களிலும் தேங்காய் பெயரில் எஞ்சியிருக்கிறது.

தமிழில் சிலும்பி எனப்படும் சிலம் இன்னும் ஒரு படி இறங்கியது. நீரும் இல்லை, குழலும் இல்லை. கூம்பு வடிவ மண்குழாயும் உள்ளே அடைப்பாக ஒரு சிறுகல்லும் போதும். துறவியின் பையில் அது அடங்கியது. ஆயினும் தூய்மை பற்றிய எண்ணம் விட்டுப்போகவில்லை. குழாயின் அடியில் சுற்றும் ஈரத்துணிக்குச் ‘சாஃபி’ என்று பெயர். ‘தூய’ என்னும் பொருளுடைய அரபுச் சொல் அது. ஒரு கலம் நீர் செய்ததாக நம்பப்பட்ட வேலையை ஒரு முழத் துணி ஏற்றுக்கொண்டது.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவத் தொடங்கிய பீடி, கருவியையே நீக்கியது. தெற்கே சுருட்டு இதை முன்பே செய்திருந்தது. ஆங்கிலத்தின் ‘செரூட்’ அத்தமிழ்ச் சொல்லே. ‘பீடி’ என்பதோ வெற்றிலைச் சுருளைக் குறித்த ‘வீடிகா’விலிருந்து பிறந்தது. சட்டைப்பையில் அடங்கும் இச்சுருளுக்கும் சுமப்பவர் உண்டு. அவர் ஹூக்காபர்தாரைப் போல் விருந்தில் உடன் நிற்பதில்லை. வீட்டுத் திண்ணையில் முறத்தை மடியில் வைத்து இலை சுற்றும் பெண் அவர். அவ்வுழைப்பை ஒழுங்குபடுத்தும் தனிச்சட்டம் 1966இல்தான் வந்தது.

இன்றைய உலர்மூலிகை ஆவியாக்கியை இவ்வரிசையில் வைத்தே ஒப்பிட வேண்டும். ஏறத்தாழ 180 முதல் 210 பாகை செல்சியஸ் வரை சூடாக்கி, இலையை எரியவிடாமல் ஆவியை எடுப்பது அதன் முறை. 2000இல் ஜெர்மனியில் வெளிவந்த ‘வோல்கேனோ’ மேசைமீது நிற்கும் கருவி. அதே நிறுவனத்தின் ‘மைட்டி’ 2014இல் கைக்கு வந்தது. அவையின் ஹூக்கா தேங்காய் ஓட்டுக்குச் சுருங்கிய அதே பயணம். பழைய சிக்கலும் உடன் வந்தது. அறைச்சுவர் வழியே சூடேற்றும் கருவிகள் சிறியவை, ஆனால் சூடு சீராகப் பரவுவதில்லை. வெப்பக்காற்றைச் செலுத்துபவை சீரானவை, ஆனால் மின்கலத்தை விரைவில் தீர்த்துவிடுபவை.

இந்தியாவில் 1985ஆம் ஆண்டுச் சட்டம் கஞ்சாவைத் தடுக்கிறது. 2019ஆம் ஆண்டு மின்சிகரெட் தடைச் சட்டமோ, நிகோடின் இருப்பினும் இல்லாவிடினும், ஒரு பொருளைச் சூடாக்கி உள்ளிழுக்கும் ஆவித்துளிகளை உண்டாக்கும் மின்னணுக் கருவிகளின் உற்பத்தியையும் இறக்குமதியையும் விற்பனையையும் தடுக்கிறது. அதன் வரையறையில் ‘மின்ஹூக்கா’ பெயர்சுட்டி இடம்பெறுகிறது.

நீர் புகையைக் குளிர்விக்கும். கார்பன் மோனாக்சைடை வடிகட்டாது. இதை அறிவியல் நிறுவுவதற்கு மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாயின. அதுவரை குளிர்ச்சியே தூய்மையாகக் கொள்ளப்பட்டது. எரியாத ஆவி என்னும் இன்றைய நற்சான்றை மதிப்பிடுவோர் அக்பர் அவையின் மருத்துவரையும் நினைவிற்கொள்ளலாம். அவர் கேட்டது புதுமையின் மீதான தடையை அன்று, சோதனையை. அவையில் வென்றது அசத் பேக்கின் வாதம். மருத்துவரின் கேள்வி இன்னும் முடியவில்லை.