கல்லில் பெயர், தகட்டில் எண்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். முன்னால் போகிற வண்டியை லேசில் முந்த முடியாது. அதன் முதுகைப் படித்துக்கொண்டே ஏற வேண்டியதுதான். குலசாமி பெயர், குழந்தைகள் பெயர், சாதிப் பெயர், வக்கீல், பிரஸ், போலீஸ். எப்போதாவது ஒரு பழைய மாருதியின் பின் கண்ணாடியில், வெயிலில் வெளுத்துப்போன 'எக்ஸ் ஆர்மி' ஸ்டிக்கர் ஒன்றும் தென்படும். அந்த ஸ்டிக்கருக்கு இவ்வளவு நீண்ட வரலாறு இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

முதலில் தகட்டுக்கு வருவோம். ராணுவத்தின் சொந்த வண்டிகளுக்குத் தனி நம்பர் பிளேட் உண்டு. மேல்நோக்கிய அம்புக்குறி, அதையடுத்து வண்டி வாங்கிய ஆண்டின் இரண்டு இலக்கங்கள், பிறகு எழுத்தும் வரிசை எண்ணும். பிரிட்டிஷ் அரசு தன் பொருள்களின் மேல் நூற்றாண்டுகளாகப் பொறித்துவந்த அம்பு முத்திரையின் எச்சம் அது. அதற்கு ஒரே அர்த்தம்தான்: இது அரசின் சொத்து. மோட்டார் வாகனச் சட்டத்தின் 60ஆம் பிரிவு இந்த வண்டிகளின் பதிவைத் தனியாகவே வைத்திருக்கிறது.

அந்த வண்டியை ஓட்டியவர் ஓய்வு பெற்று ஊருக்கு வந்து ஒரு டூவீலர் வாங்கினால்? உங்களுக்கும் எனக்கும் கிடைக்கிற அதே டிஎன் நம்பர்தான். 2021 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த 'பிஎச்' வரிசையில் படையினருக்கு இடம் உண்டு. ஆனால் அது மரியாதைக்காக வந்ததல்ல. மாநிலம் விட்டு மாநிலம் மாற்றலாகிறவர்களின் வசதிக்காக வந்தது. பல மாநிலங்களில் கிளை வைத்திருக்கும் தனியார் நிறுவன ஊழியரும் அதே வரிசையில் வாங்கலாம்.

ஆக, ஸ்டிக்கர்தான் மிச்சம். அதற்கும் தடை வந்தது. 2024 மே 2 முதல், தனியார் வண்டிகளில் பிரஸ், போலீஸ், தலைமைச் செயலகம், ராணுவம் என்று ஒட்டினால் அபராதம் என்று சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை அறிவித்தது. எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். "ஒட்டுனா ஃபைன் போடுவான் தம்பி, ஒட்டலைன்னா எவனுக்கும் தெரியாது. இருபத்தொரு வருசம் எங்க இருந்தேன்னு நெத்தியிலயா எழுதிக்க முடியும்?" என்றார்.

அமெரிக்காவில் அதைக் கிட்டத்தட்ட எழுதியே கொடுக்கிறார்கள். போரில் காயம்பட்டவர்களுக்கு 'பர்ப்பிள் ஹார்ட்' பதக்கம் உண்டு. 1782இல் வாஷிங்டன் தொடங்கிய ஒரு பட்டயத்தை நினைவூட்டி 1932இல் புதுப்பிக்கப்பட்டது அது. அந்தப் பதக்கத்தின் படத்தோடு பல மாநிலங்கள் நம்பர் பிளேட் தருகின்றன. சான்றிதழ் காட்டினால்தான் கிடைக்கும். குடும்பங்களுக்கும் உண்டு. முதல் உலகப்போர்க் காலத்தில், மகன் போருக்குப் போன வீட்டு ஜன்னலில் நீல நட்சத்திரக் கொடி தொங்கும். அவன் இறந்தால் அந்த நட்சத்திரம் பொன்னிறமாகும். அந்தப் பொன் நட்சத்திரம் இன்று இறந்த வீரரின் அம்மாவின், மனைவியின் கார் தகட்டில் இருக்கிறது.

கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? ஆனால் அங்கேயும் ஒரு வழக்கு வந்தது. உள்நாட்டுப் போரில் அடிமை முறையைக் காக்க நின்ற தென் மாநிலப் படையினரின் வாரிசுகள், தங்கள் முன்னோரின் கொடி பொறித்த தகடு வேண்டுமென்று டெக்சாஸ் மாநிலத்திடம் கேட்டார்கள். மாநிலம் மறுத்தது. 2015இல் உச்ச நீதிமன்றம், 5-க்கு 4 என்ற கணக்கில், மறுத்தது சரி என்றது. தகட்டில் இருப்பது வண்டிக்காரரின் பேச்சு அல்ல, அரசின் பேச்சு என்பது அதன் வாதம். எந்த வீரனை நினைப்பது, எவனை விடுவது என்பதை அரசு தீர்மானிக்கிறது.

நம் பக்கம் இந்தப் பேச்சு கல்லில் நடந்தது. சேர்வராயன் மலைக்கு வடக்கே இறங்கினால் தருமபுரி. 1965 வரை அது சேலம் மாவட்டத்தின் பகுதி. அங்கிருந்து கிழக்கே போனால் செங்கம். தமிழகத்தின் நடுகற்கள் செறிந்து கிடக்கிற நிலம் இது. பெரும்பாலும் ஆநிரை கவரும் பூசலிலும் மீட்கும் பூசலிலும் செத்தவர்கள். கல்லில் அரசனின் ஆட்சியாண்டு, வீரனின் பெயர், யாருடைய சேவகன், எதற்காக விழுந்தான் என்பதெல்லாம் இருக்கும். செங்கம் பக்கத்து எடுத்தனூரில், மகேந்திரவர்மன் காலத்துக் கல் ஒன்று கருந்தேவக்கத்தி என்ற வீரனின் பெயரைச் சொல்கிறது. கூட இருந்து கள்ளனைக் கடித்த நாயின் பெயரையும் விடவில்லை: கோவிவன்.

கல்லோடு முடியவில்லை. மடிந்தவனின் குடும்பத்துக்கு நிலம் விடுவதும் வழக்கம். அதற்குப் பெயர் உதிரப்பட்டி. உதிரம் என்றால் ரத்தம். பெயர் ஊருக்கு, நிலம் வீட்டுக்கு. இரண்டையும் அவர்கள் குழப்பிக்கொள்ளவில்லை.

ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் கழித்து வேறொரு கல் வந்தது. முதல் உலகப்போரில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் கடல் கடந்து போனார்கள். போர் முடிந்ததும் சென்னை மாகாணத்தின் பல ஊர்களில் பிரிட்டிஷ் அரசு பலகைக் கற்களைப் பதித்தது. 1914–1919 பெரும்போருக்கு இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் துறந்தார்கள் என்பதுதான் வாசகம். பெயர் இல்லை, எண் மட்டும். ஏழாம் நூற்றாண்டின் நாய்க்குக் கிடைத்தது இருபதாம் நூற்றாண்டின் சிப்பாய்க்குக் கிடைக்கவில்லை.

ஸ்டிக்கரை ஒட்டுகிறவர் இந்த எண்ணோடுதான் மல்லுக்கட்டுகிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் ஸ்டிக்கர் இன்னொன்றையும் கேட்கிறது: 'என்னை நிறுத்தாதே.' சிக்கல் அங்கேதான். டோல்கேட் சண்டைகளை எடுத்துக்கொள்ளுங்கள். பணியில் இருக்கும் படையினருக்குச் சுங்க விலக்கு தருகிற சட்டம் 1901ஆம் ஆண்டு போட்டது. ஓய்வுபெற்றவர் அதில் வரமாட்டார். 2008ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகள் பரம்வீர் சக்ரா முதல் சௌர்ய சக்ரா வரை பெற்றவர்களுக்கு விலக்கு தருகின்றன. அதற்கும் படம் ஒட்டிய அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். கண்ணாடியில் ஒட்டிய எழுத்துக்கு அங்கே மதிப்பில்லை. மரியாதையையும் சலுகையையும் ஒரே ஸ்டிக்கரில் சுருட்டி ஒட்டியதால்தான் போலிகள் பெருகினார்கள். நிஜமானவரும் சந்தேகத்துக்கு ஆளானார்.

அதனால் நமக்கும் தனித் தகடு வேண்டுமா என்று கேட்டால், வேண்டும் என்றே சொல்வேன். ஆனால் சான்று பார்த்துத் தர வேண்டும். டோலிலும் சிக்னலிலும் அதற்கு ஒரு பைசா சலுகை கூடாது. சலுகை எதுவாக இருந்தாலும் அது பென்ஷனாக, வேலையாக, உதிரப்பட்டியைப் போல வீட்டுக்குப் போகட்டும். முதல் தகடு கணவனைப் பறிகொடுத்த பெண்ணின் ஸ்கூட்டிக்குக் கிடைக்கட்டும். அவள் இதுவரை எந்த ஸ்டிக்கரும் ஒட்டி நான் பார்த்ததில்லை.