அரிசி, இரத்தம், பாடப்புத்தகம்: நீலகிரியில் உயிர்வேதியியலின் சமூக வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

அண்ணன் மகள் பி.பார்ம் படிக்கிறாள். போன மழைக்காலத்தில் குன்னூரில் அவர்கள் வீட்டில் தங்கியிருந்தேன். கிரெப்ஸ் சுழற்சியை ஏதோ ஒரு மெட்டில் போட்டு மனப்பாடம் பண்ணிக்கொண்டிருந்தாள். 'இது எதுக்கும்மா?' என்றேன். 'ரெண்டாவது செமஸ்டர் பேப்பர் சித்தப்பா. பாஸ் ஆனாப் போதும். மாத்திரை எடுத்துக் குடுக்கறதுக்கு இதெல்லாம் யாருக்கு வேணும்?' என்றாள்.

தமிழ் எம்.ஏ. படித்த நான் யாப்பிலக்கணத்தை இப்படியே உருப்போட்டுத் தேறியவன். அவளுக்குப் புத்தி சொல்ல யோக்கியதை இல்லை. ஆனால் ஒன்று உறுத்தியது. 'அடிப்படைப் பாடம்' என்று அவள் கையில் திணிக்கப்பட்டிருக்கும் இந்த உயிர்வேதியியலின் சில பக்கங்கள் இந்த மலையில்தான் எழுதப்பட்டன. அது அவளுக்குச் சொல்லப்படவில்லை. யாருடைய உடல்களைக் கொண்டு எழுதப்பட்டன என்பதும் சொல்லப்படவில்லை.

குன்னூர் பாஸ்டர் நிறுவனம் 1907இல் திறக்கப்பட்டது. அதன் ஒரு பகுதியில் 1918இல் ராபர்ட் மெக்காரிசன் என்ற ராணுவ மருத்துவர் பெரிபெரி நோய் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். 1923இல் செலவுச் சிக்கனம் என்று அரசு அதை நிறுத்தியது. 1925இல் மீண்டும் தொடங்கியது. பின்னாளில் அது ஊட்டச்சத்து ஆய்வகமாக வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்குப் போனது. மெக்காரிசன் எலிகளுக்கு இந்தியாவின் பல பகுதி மக்களின் சாப்பாட்டைப் போட்டு வளர்த்தார். சீக்கியர் சாப்பாடு தின்ற எலி கொழுத்தது, மதராஸிச் சாப்பாடு தின்ற எலி இளைத்தது. இந்த முடிவு, ஏற்கனவே புழக்கத்தில் இருந்த 'வீர இனங்கள்' என்ற காலனியச் சொல்லாடலோடு சுலபமாகப் பொருந்திப்போனது. கோதுமையும் பாலும் வாங்க முடிந்தவன் யார், வெறும் சோற்றை உப்புப் போட்டுத் தின்றவன் யார் என்ற கேள்வியை எலிக்கூண்டுக்குள் கேட்க வழியில்லை. கூலி என்பது அங்கே ஒரு சத்தாகக் கணக்கிடப்படவில்லை.

1935இல் மெக்காரிசனுக்குப் பின் வந்த அய்க்ராய்டின் காலத்தில் கேள்வி சற்று மாறுகிறது. மில்லில் தீட்டிய பச்சரிசி தின்ற வடசர்க்கார் மாவட்டங்களில் பெரிபெரி இருந்தது. புழுங்கலரிசி தின்ற தமிழ் மாவட்டங்களில் அநேகமாக இல்லை. ஏன்? நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் தயமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுதும் போவதில்லை. இந்த வேலைகள் திரண்டு 1940இல் இந்தியாவின் அரிசிப் பிரச்சினை பற்றிய ஆய்வறிக்கையாக வெளிவந்தன. தயமின் உடலில் என்ன செய்கிறது? மாவுச்சத்து உடைந்து வரும் பைருவேட், கிரெப்ஸ் சுழற்சிக்குள் நுழையும் வாசலில் தயமின் துணை நிற்க வேண்டும். இல்லையென்றால் கதவு திறக்காது. நரம்பும் இதயமும் படுத்துவிடும். அதாவது, அவள் மெட்டுப் போட்ட சுழற்சிக்கும் அடுப்பில் நெல் அவித்த கிழவிக்கும் உறவு உண்டு.

'அப்பவே நம்ம பாட்டிக்குத் தெரியும்' என்று மார்தட்ட இதைச் சொல்லவில்லை. பாட்டிக்குச் செய்யத் தெரியும், காரணம் தெரியாது. ஆய்வகத்துக்குக் காரணம் தெரிந்தது, கூலி தெரியவில்லை. இரண்டு அறியாமைகளையும் சேர்த்து வாசிப்பதே வரலாறு.

இரண்டாவது கதை இரத்தத்தைப் பற்றியது. 1949இல் லினஸ் பாலிங்கும் சகாக்களும் சிக்கிள் செல் சோகையை 'மூலக்கூறு நோய்' என்று அறிவித்தார்கள். 1952இல் லேமனும் கட்புஷும் நீலகிரியின் இருளர், குறும்பர், பணியர் இரத்தத்தில் அந்தக் கூறு இருப்பதைப் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். 1957இல் இங்கிராம், ஹீமோகுளோபின் சங்கிலியில் ஆறாவது இடத்தில் குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வேலின் இருப்பதுதான் வேறுபாடு என்று காட்டினார். ஓர் எழுத்து மாறிப் பொருள் கெட்ட சொல் மாதிரி.

லேமன் இந்த இரத்தத்தில் தேடியது முதன்மையாக இன மூலத்தை. ஆப்பிரிக்காவுக்கும் இந்தியப் பழங்குடிகளுக்கும் ஆதித் தொடர்பைக் கட்டமைக்க அது பயன்பட்டது. ஆனால் 1954இல் ஆலிசன் ஆப்பிரிக்காவில் காட்டியது வேறு: பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் இந்தக் கூறைப் பெற்றவரை மலேரியா எளிதில் கொல்வதில்லை. இருவரிடமிருந்தும் பெற்றவர்தான் நோயாளி. அப்படியானால் அது இனத்தின் முத்திரையாக மட்டும் இருக்க முடியாது, மலேரியாக் காட்டில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்ததன் பதிவும்கூட. நீலகிரியின் மருந்து வரலாறு எழுதுகிறவர்கள் 1860களில் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் வெள்ளைக்காரன் வைத்த சின்கோனா மரத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதே மலேரியாவுக்கு கூடலூர்க் காட்டு மக்களின் இரத்தம் குழந்தைகளை விலையாகக் கொடுத்துத் தன் வழியில் பதில் சொல்லியிருந்தது.

இங்கேதான் மருந்தாளர் வருகிறார். அமெரிக்காவில் 1998இல் இந்த நோய்க்கு அனுமதி பெற்ற ஹைட்ராக்சியூரியா, குழந்தை கருவில் இருக்கும்போதுள்ள வகை ஹீமோகுளோபினை உடலில் கூட்டுகிறது. அது கூடினால் பழுதுபட்ட ஹீமோகுளோபின் ஒன்றோடொன்று ஒட்டி இழையாவது குறையும், வலி குறையும். ஆனால் அதே மருந்து இரத்த அணுக்களின் எண்ணிக்கையை இறக்கிவிடும். அடிக்கடி இரத்தப் பரிசோதனை வேண்டும். இதைப் புரியாதவர் மாத்திரையை எண்ணித்தான் கொடுப்பார். புரிந்தவர் 'போன மாசம் ரத்தம் பாத்தீங்களா?' என்று கேட்பார். இந்த ஒரு கேள்விக்காகத்தான் அந்த 'அடிப்படைப் பாடம்'.

கூடலூரில் 1990இல் தொடங்கிய ஆதிவாசி மருத்துவமனை இந்த நோயாளிகளைத் தேடிக் கண்டு தொடர்ந்து கவனித்து வருகிறது. மத்திய அரசின் சிக்கிள் செல் ஒழிப்புத் திட்டம் வந்தது 2023இல். 1952க்கும் 2023க்கும் இடையே 71 ஆண்டுகள். ஆய்வுக்கு எடுத்த இரத்தத்துக்கு அரசு மருந்தாகத் திருப்பிக் கொடுக்க எடுத்துக்கொண்ட காலம் இது.

இதையெல்லாம் சொல்லி முடித்தபோது அவள் கேட்டாள்: 'எங்க புக்ல வேலின் வரைக்கும் இருக்கு சித்தப்பா. பணியர்னு எங்கயும் இல்லியே?'

இல்லை. பாடத்திட்டம் வகுப்பவர்களிடம் நாம் கேட்க வேண்டிய கேள்வியும் இதுதான். ஊட்டியில் படிக்கும் மருந்தியல் மாணவர் ஒரு நாள் பஸ் பிடித்தால் கூடலூருக்குப் போய்வந்துவிடலாம்.