தந்திக்காரரின் கணிதம்

பொறியியல் கல்லூரிகளில் 'சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ்' என்றொரு பாடம் உண்டு. அதில் மாணவர்கள் மனனம் செய்வது லாப்லாஸ் உருமாற்ற அட்டவணையை. பெயர் பிரெஞ்சு அறிஞருடையது. அந்த வகைக் கணக்கை மின்னியலில் வழக்குக்குக் கொண்டுவந்தவரோ 1850இல் லண்டனில் பிறந்து, பதினாறு வயதோடு பள்ளியை விட்ட ஆலிவர் ஹெவிசைட். தமிழ் படித்த நமக்கு இதில் என்ன அக்கறை எனலாம். இலக்கியம் முந்தியதா, இலக்கணம் முந்தியதா என்ற நம் பழைய வழக்கு அங்கே கணிதத்தில் நடந்திருக்கிறது.

ஹெவிசைட் தந்தி ஊழியராக இருந்து 1874இல் விலகியவர். காதும் மந்தம். பிறகு வேறு வேலைக்கே போகாமல், மாக்ஸ்வெல்லின் மின்காந்த நூலைத் தாமே கற்றார். கம்பியின் ஒரு முனையில் சாவியை அழுத்தினால் மறுமுனையில் மின்னோட்டம் எவ்வாறு எழும் என்பது அவரை விடாது பற்றிய கேள்வி.

கம்பியும் சுருளும் நேரியல் அமைப்புகள். இருமடங்கு கொடுத்தால் இருமடங்கு கிடைக்கும். இரண்டைச் சேர்த்துக் கொடுத்தால் தனித்தனி விளைவுகளின் கூட்டுத்தொகை கிடைக்கும். ஆயினும் அவற்றின் வகைக்கெழுச் சமன்பாடுகளைத் தீர்ப்பது பெரும்பாடு. ஹெவிசைட், 'காலத்தைப் பொறுத்து வகையிடு' என்னும் கட்டளையையே 'பி' என்ற ஓர் எழுத்தாக்கி, அதைச் சாதாரண எண்போலப் பெருக்கினார், வகுத்தார். 'பி'யால் வகுத்தால் தொகையீடு. கடுஞ்சமன்பாடு பள்ளி இயற்கணிதமாக இறங்கிவந்தது. நீண்ட கம்பிக் கணக்கிலோ 'பி'யின் வர்க்கமூலம் வந்து நின்றது. பாதி வகையிடுதல் என்றால் என்ன பொருள்? அவர் தயங்கவில்லை, காலத்தின் வர்க்கமூலத்திற்குத் தலைகீழ் விகிதத்தில் அமையும் விடையை எடுத்துக்கொண்டார். விடை சரியாகவே இருந்தது.

ராயல் சொசைட்டி 1891இல் அவரை உறுப்பினராக்கி, 1893இல் இம்முறை பற்றிய கட்டுரையின் இரு பகுதிகளை அச்சிட்டது. மூன்றாம் பகுதி கணித அறிஞர் பர்ன்சைடின் மதிப்பீட்டுக்குப் போய், மறுக்கப்பட்டுத் திரும்பியது. எல்லையின்றி விரியும் தொடர்களிலிருந்தும் விடை கறந்தவருக்கு நிறுவல் காட்ட இயலவில்லை. பர்ன்சைடைக் கொடியவராக்க நமக்கு மனமில்லை. இம்முறை எங்கே செல்லும், எங்கே பொய்க்கும் என்பதைப் பிறர் கற்குமாறு ஹெவிசைட் வகுத்துரைக்கவில்லை என்பது மெய். எனினும் சரியான விடைகளைக் கண்ட பிறகும் கதவை அடைத்தது பிழை என்றே கருதுகிறோம். தம் முறையை 1899இல் வெளிவந்த 'மின்காந்தக் கோட்பாடு' இரண்டாம் தொகுதியில் அவரே விரித்தெழுதிக்கொண்டார்.

இலக்கணம் பின்னால் வந்தது. 1916இல் பிராம்விச் சிக்கலெண் தளத்துத் தொகையீட்டைக் கொண்டு அம்முறைக்கு அடித்தளமிட்டார். 1937இல் ஜெர்மானியரான டோட்ஷ் லாப்லாஸ் உருமாற்றத்தைப் பெருநூலாக்கினார். 1942இல் அமெரிக்காவில் கார்ட்னரும் பார்ன்ஸும் எழுதிய நூல் அதைப் பொறியியல் மாணவர் கையில் சேர்த்தது. 1960ஐ ஒட்டிக் கால்மன் நிலைவெளி முறையை முன்வைத்தபின் அணிகளும் நேரியல் இயற்கணிதமும் அதனருகே வந்தமர்ந்தன.

ஹெவிசைட் 1925இல் டார்க்கீயில் இறந்தார். கடைசி ஆண்டுகள் தனிமையில் கழிந்தன. பாடநூல்களில் இன்று அவர் பெயர் தங்கியிருப்பது பெரும்பாலும் படிச்சார்பில்தான். சுழியத்தில் கிடந்து, சாவி அழுத்திய கணத்தில் ஒன்றுக்குத் தாவும் கோடு அது.