சின்னத்திரைக் காட்சியில் கவிதை ஒட்டிய ரசிகர்கள்

தொலைக்காட்சி நேயர் என்றாலே, காட்டுவதைப் பார்த்துவிட்டுத் தூங்கப் போகிறவர் என்ற எண்ணம் பலரிடம் உண்டு. ஆனால், பிடித்த காட்சியைத் தனியே எடுத்து, அதன்மேல் கவிதை வரிகளைப் பதித்து, புதிய படைப்பாக மாற்றிய ரசிகர்களும் இருக்கிறார்கள். கணினியில் உருவாகும் இந்த ஒட்டுச்சித்திரங்களின் வரலாறு, கணினி வீட்டுக்குள் வருவதற்கு முன்பே தொடங்கிவிட்டது.

வெட்டி ஒட்டும் கலை தொலைக்காட்சியைவிட மூத்தது. 1912-இல் பிக்காசோ தம் ஓவியத்தில் அச்சிட்ட துணியை ஒட்டினார். முதல் உலகப் போருக்குப் பின் பெர்லினில் ஹன்னா ஹோக், பத்திரிகைப் படங்களையும் எழுத்துகளையும் கத்தரித்துச் சேர்த்துத் தம் காலத்து அரசியலைக் கேலி செய்தார். எழுத்தும் படமும் ஒரே தாளில் பேசலாம் என்பதை இவர்கள் காட்டினர்.

மௌனத்தில் பிறந்த கவிதை

1966-இல் அமெரிக்காவில் ‘ஸ்டார் டிரெக்’ தொடர் ஒளியேறியது. அதில் வரும் ஸ்போக், உணர்ச்சியை வெளிக்காட்டாத பாத்திரம். அவர் சொல்லாமல் விட்டதை ரசிகர்கள் எழுதத் தொடங்கினர். 1967-இல் வெளிவந்த ‘ஸ்போக்கனேலியா’ என்ற ரசிகர் இதழில் கட்டுரை, கதை, ஓவியம் ஆகியவற்றோடு கவிதையும் இடம்பெற்றது. இக்கலையின் உயிர்நாடி இதுவே. படத்தில் தெரிவதையே கவிதையும் சொன்னால் அது வெறும் விளக்கக் குறிப்பு. முகம் மறைப்பதைக் கவிதை சொன்னால்தான் படைப்பு.

1975-இல் கேண்டி ஃபாங் என்ற ரசிகை மேலும் ஒரு படி சென்றார். அத்தொடரின் படச்சுருளில் கழிக்கப்பட்ட துண்டுகளை ஸ்லைடுகளாக்கி, ஒலிநாடாவில் ஓடிய பாடலுக்கேற்ப ஒவ்வொன்றாகத் திரையில் காட்டினார். ரசிகர்கள் செய்யும் இசைக் காணொளிகளுக்கு இதுவே முன்னோடி என்று கருதப்படுகிறது.

கணினி தந்த கத்தரிக்கோல்

1990-இல் போட்டோஷாப் மென்பொருள் விற்பனைக்கு வந்தது. 1994-இல் வந்த அதன் மூன்றாம் பதிப்பு, படங்களை அடுக்கடுக்காக வைத்து வேலை செய்யும் வசதியைத் தந்தது. கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பது போன்றது இது. அடியில் ஒரு முகம், அதன்மேல் மங்கலான வானம், எல்லாவற்றுக்கும் மேலே கவிதை. பிடிக்காவிட்டால் ஓர் அடுக்கை மட்டும் நீக்கிவிடலாம். பின்னர் டிவிடி வந்ததும் தெளிவான காட்சிகள் எளிதாகக் கிடைத்தன. ‘லைவ்ஜர்னல்’ தளத்தில் உறுப்பினர் படத்துக்கான அளவு 100-க்கு 100 புள்ளிகள் மட்டுமே. கட்டைவிரல் நகமளவு அந்தச் சதுரத்திலும் ஒரு முகத்தையும் இரண்டு மூன்று சொற்களையும் அடக்கிக் காட்டினார்கள் ரசிகர்கள்.

காட்சி நிறுவனத்துக்கு உரியது. கவிதை கவிஞருக்கு உரியது. அப்படியானால் ஒட்டியவருக்கு என்ன உரிமை? இந்தக் கேள்வி அன்றும் எழுந்தது, இன்றும் ஓயவில்லை. மூலத்தை மாற்றிப் புதுப்பொருள் தரும் ரசிகர் படைப்புகள் நியாயமானவை என்று வாதாட, 2007-இல் அமெரிக்காவில் ரசிகர்களே ஓர் அமைப்பைத் தொடங்கினர்.

தாள் பிழைத்தது

சட்டத்தைவிடப் பெரிய ஆபத்து வேறு பக்கத்திலிருந்து வந்தது. ரசிகர்கள் பலர் இலவச அகப்பக்கம் வைத்திருந்த ‘ஜியோசிட்டீஸ்’ சேவையை, 2009 அக்டோபரில் யாஹூ நிறுவனம் மூடியது. ஆர்வலர்கள் முந்திக்கொண்டு சேமித்தவை மட்டுமே தப்பின. ஆனால், தாளில் அச்சான பழைய ரசிகர் இதழ்கள் இன்றும் அயோவா பல்கலைக்கழக நூலகத்தில் பாதுகாப்பாக இருக்கின்றன. பழைய தாள் பிழைத்தது. புதிய மின்பக்கம் அழிந்தது!

பிள்ளைகள் இன்று கைப்பேசியிலேயே இத்தகைய படங்களைச் செய்கிறார்கள். அதை வீண் பொழுதுபோக்கு என்று ஒதுக்காமல், இரண்டு பழக்கங்களைப் பெற்றோர் சொல்லித் தரலாம். ஒன்று, கவிஞரின் பெயரையும் தொடரின் பெயரையும் தவறாமல் குறிப்பது. மற்றொன்று, நல்லவற்றைத் தாளில் அச்செடுத்து, தேதியிட்டு வைப்பது. இணையம் கைவிட்டாலும், அலமாரியில் உள்ள தாள் அடுத்த தலைமுறைக்குச் சாட்சி சொல்லும்.