மூணு சென்ட் ஆட்டம், நாலு ஏக்கர் ஓட்டம்

விளையாட்டைப் பற்றி நம்மவர்கள் அதிகம் எழுதியதில்லை. கூலி, நிலம், வன்கொடுமை என்று எழுத ஆயிரம் கிடக்கும்போது கல்லூரி மைதானத்தைப் பற்றி என்னத்த எழுதுறது என்று தோழர்கள் கேட்கலாம். மைதானமும் நிலம்தான். அதனால்தான் எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் ஒரு கணக்கு. எட்டுத் தடம் போட்ட 400 மீட்டர் ஓடுபாதைக்குச் சுமார் 177 மீட்டர் நீளமும் 92 மீட்டர் அகலமும் வேண்டும். அதாவது நாலு ஏக்கர். ஆண்கள் கபடிக் களம் 13 மீட்டருக்கு 10 மீட்டர், மூணேகால் சென்ட்டுக்குள் அடங்கிவிடும். கிராமத்துச் சேரிக்கு இலவச வீட்டுமனைப் பட்டா என்று அரசாங்கம் அளந்து கொடுப்பதும் பெரும்பாலும் மூணு சென்ட்தான். "கபடி உங்க ஆளுங்க ரத்தத்துலயே இருக்குப்பா" என்று தட்டிக்கொடுப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். ரத்தத்தில் ஒன்றும் இல்லை. கிடைத்த மண்ணில் என்ன ஆட முடியுமோ அதை ஆடினோம்.

இந்த நாட்டில் மைதானம் சாதி பார்த்தும் மதம் பார்த்தும்தான் பிறந்தது. பம்பாயில் 1880, 1890களில் கடலோரத்தில் பார்சி, முஸ்லிம், இந்து ஜிம்கானாக்களுக்கு வெள்ளை அரசாங்கம் தனித்தனியாக இடம் ஒதுக்கியது. சென்னையில் வெள்ளையர் கிளப்பில் இந்தியருக்கு இடமில்லை என்ற அவமானத்தில் 1888இல் புச்சிபாபு நாயுடு மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார். வெள்ளைக்காரன் வெளியே நிறுத்தியபோது சுட்டது. ஆனால், தான் வெளியே நிறுத்தியவனை அந்தக் காலத்து இந்துக் கிளப்புகள் எப்படி நடத்தின?

அதற்கு பல்வங்கர் பாலு சாட்சி. நம் எல்லைக்கு அப்பால், தார்வாடில் பிறந்தவர். சமார் சாதி. புனாவில் கிளப்புகளின் மைதானத்தைக் கூட்டுவதும், உருளை உருட்டுவதும், வலை கட்டுவதும் அவர் வேலை. சம்பளம் மாதம் மூணு, நாலு ரூபாய். வெள்ளைக்காரர்கள் மட்டை பிடித்துப் பழக இவர் மணிக்கணக்காகப் பந்து வீசினார். இவர் கையில் மட்டையைக் கொடுத்தவர் யாருமில்லை. மைதானத்தை உண்டாக்கியவனுக்கு மைதானத்தில் வேலை உண்டு, ஆட்டம் கிடையாது. பிறகு ஜெயிக்க இவர் வேண்டும் என்று இந்துக்கள் அணியில் சேர்த்தார்கள். அப்போதும் இடைவேளையில் அவருக்கு டீ வெளியே, மண் கோப்பையில், சாப்பாடு தனியாக. நம்ம ஊர் டீக்கடை ரெட்டை டம்ளர் மைதானத்திலும் இருந்திருக்கிறது.

1911இல் இங்கிலாந்து போன இந்திய அணிக்காக நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தார் பாலு. கேப்டன் பதவி மட்டும் கடைசிவரை தரவில்லை. 1923இல்தான் அவர் தம்பி விட்டல் இந்துக்கள் அணிக்குத் தலைமை ஏற்றார். 1937 தேர்தலில் அதே பாலுவைக் காங்கிரஸ் அண்ணல் அம்பேத்கருக்கு எதிராக நிறுத்தியது, பாலு தோற்றார். இதை நாம் மறைக்க வேண்டியதில்லை. நம் ஆளின் திறமையை யார் எப்போது எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்பதும் இந்த வரலாற்றில் ஒரு பகுதி.

தமிழ்நாட்டுக்கு வருவோம். 1920இல் சென்னையில் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினார். ஆசியாவில் அதுதான் முதல். பி.டி. வாத்தியார் என்ற ஒருவர் நம் பள்ளிக்கூடங்களுக்கு வந்ததில் அதற்குப் பெரும் பங்குண்டு. நல்லதுதான். ஆனால் மைதானம் கல்லூரிக்குள் போனபோது, கல்லூரிக்குள் போக முடிந்தவனுக்கே மைதானம் என்றாயிற்று.

அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் இன்னொரு விசயம் நடந்திருந்தது. செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் பறையர் நிலை பற்றி அறிக்கை எழுதினார். 1892இல் பஞ்சமி நிலம் ஒதுக்க ஆணை வந்தது. சென்னை மாகாணம் முழுக்கப் பன்னிரண்டு லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படுகிறது. அது எங்கே போனது என்று கேட்ட போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டு ஜான் தாமசும் ஏழுமலையும் செத்தார்கள். அந்த நிலம் கையில் இருந்திருந்தால் நம் பிள்ளை எங்கே ஓடுவது என்று யாரையும் கேட்க வேண்டியிருக்காது.

சாந்தி சௌந்தரராஜனை நினைத்துப் பாருங்கள். புதுக்கோட்டைப் பக்கம் கத்தக்குறிச்சி. அப்பா அம்மா செங்கல் சூளைக் கூலிகள். ஓடக் கற்றுக்கொடுத்தவர் தாத்தா, வீட்டுக்கு வெளியே கிடந்த மண்ணில். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். பாலினச் சோதனை என்று சொல்லி அதைப் பறித்தார்கள். பரிசுப் பணத்தில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்க முயன்றார். 2012இல் அவரே சூளைக்குத் திரும்பிக் கல் அறுத்தார். அரசு பயிற்சியாளர் வேலை 2016இல்தான் வந்தது. ஓட அவருக்குத் தெரியும். நிற்க இடமில்லாமல் போனது.

எங்கள் ஜவளகிரிப் பக்கத்துக் கதை இப்போது. 1970களில் ஓசூரில் சிப்காட் வந்தது. 1984க்குப் பிறகு தமிழ்நாட்டில் சுயநிதிக் கல்லூரிகள் முளைத்தபோது இந்தப் பக்கமும் வந்தன. ராகியும் கொள்ளும் விளைந்த காட்டில் வேலி போட்டார்கள். மாணவர் சேர்க்கை விளம்பரத்தில் மைதானப் படம் பச்சையாக இருக்கிறது. பயிற்சி நேரமோ காலை ஆறு மணி, இல்லாவிட்டால் சாயங்காலம் ஐந்து. காட்டோரக் கிராமத்துப் பிள்ளை அந்நேரம் தளி பஸ்சுக்கு ஓட வேண்டும். இருட்டினால் பாதையில் யானை. ஆதிதிராவிடர் விடுதிப் பிள்ளைக்குப் பயிற்சி முடிந்து போனால் சோறு இருக்குமா என்ற கவலை. பெண்பிள்ளைக்கு உடை மாற்ற அறை, தண்ணீர் வரும் கழிப்பறை வேண்டும். மைதானம் எல்லோருக்கும் பொது என்று எழுதிப் போட்டால் போதாது. பஸ்சும் சோறும் கழிப்பறையும் சேர்ந்ததுதான் மைதானம்.

கபடியும் இப்போது மண்ணில் இல்லை. 1990 பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் ஏறியது, 2014இல் புரோ கபடி என்று டி.வி.க்குப் போனது. இன்று பெரிய போட்டி எல்லாம் ரப்பர் பாயில். மூணு சென்ட் மண்ணில் பழகியவன் பாயில் கால் வைக்கக் கல்லூரி உள்ளரங்கத்துக்குப் போயாக வேண்டும். நாம் வளர்த்த ஆட்டத்துக்கும் இப்போது கதவு வந்துவிட்டது.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். அரசுக் கல்லூரி மைதானத்தைச் சுற்றுப்புறச் சேரிப் பிள்ளைகளுக்கும் திறந்துவிடக் கேளுங்கள். பயிற்சி நேரத்துக்கு ஏற்ற மாதிரி விடுதிச் சாப்பாட்டையும் கடைசி பஸ்சையும் மாற்றக் கேளுங்கள். அப்படியே தாலுகா ஆபீசுக்குப் போய், உங்கள் கல்லூரி நிற்கும் சர்வே நம்பருக்குப் பழைய 'அ' பதிவேட்டை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். அதில் அந்த நிலம் யார் பேரில் இருந்தது என்று படித்துவிட்டு, அப்புறம் மைதானத்தில் இறங்குங்கள்.